தோட்டா ஏறாத சனிக்கிழமைகள்

வெடிமருந்தும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த ஒரு வாசம்... சனிக்கிழமை மதியம் என் கணவர் செந்தில் வீட்டுக்குள் நுழையும்போது அதுதான் முதலில் வரும். வெளிநாடு வந்த புதிது அது; டண்டினொங்கில் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன யூனிட்டில் இருந்தோம்.

திருச்சியில் எஞ்சினியராக இருந்தவர், இங்கே வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கினார். போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை" என்றே பதில் வர, விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டார். கல்லூரி என்.சி.சி.யில் குறி பார்த்துச் சுட்ட கை மட்டும் மிச்சம். அந்தத் தைரியத்தில் பிஸ்டல் கிளப்பில் சேர்ந்தார். டீமில் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க மனுஷன் விசிலடித்துக்கொண்டே திரிந்தார்.

அவரிடம் இருந்தது எங்கள் இருவரையும்விட வயதான ஒரு பாயின்ட் ட்வென்ட்டி டூ பிஸ்டல். கூட வந்தது, தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மகசின் ஒன்றே ஒன்று. அதுவரை பிரமாதமாக ஓடியது, அக்டோபரில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இரண்டு சுட்டால் அடுத்த தோட்டா மேலே ஏறாது. தோட்டாவில் வேகம் போதவில்லை என்று பிராண்டை மாற்றிக்கொண்டே இருந்தார். வேகமான தோட்டா போட்டபோது, பழைய இரும்பு தாங்குமோ என்று எனக்குத் திக்கென்றது. எதுவும் சரிவரவில்லை. வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது...

"அடுத்து வர்ற கிளப் போட்டியிலயும் இப்படி நின்னுச்சுன்னா லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடுறேன். நமக்கு இங்க எதுவும் ஒட்டாது" என்றார் ஒரு நாள்.

எனக்குப் பயமாக இருந்தது. பிஸ்டலை நினைத்து இல்லை, இவரை நினைத்து.

போட்டிக்கு முந்தைய வாரம் நானும் கிளப்புக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து அன்ரன் அண்ணையிடம் அதே மாடல் இருந்தது. தன்னுடைய மகசினை எங்கள் பிஸ்டலில் போட்டுச் சுடச் சொன்னார். செந்தில் ஆகாது என்று ஒதுக்கிய தோட்டாக்கள் எல்லாமே தடையில்லாமல் ஓடின.

அண்ணை எங்கள் மகசினைக் கழற்றினார். தோட்டாவை மேலே தள்ளும் ஸ்பிரிங்கைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது சந்தனமெல்லே?"

அக்டோபரில் வந்த ஆயுத பூஜை... சட்டத்துக்குப் பயந்து பிஸ்டலை சேஃபிலேயே விட்டுவிட்டு, மகசினை மட்டும் சாமி முன்னால் வைத்து, தாராளமாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தவர் இவரேதான். மகசினின் பக்கவாட்டுத் துளை வழியாக அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கிறது.

"பிஸ்டலுக்கு ஒண்டுமில்லை. உங்கட பக்திதான் அமத்திப் பிடிச்சிருக்கு" என்றார் அண்ணை. செந்தில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

போட்டியில் பரிசெல்லாம் இல்லை. ஆனால் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்த மகசின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. காரில் திரும்பும்போது, "கிளேட்டன்ல ஒரு கம்பெனியில எஞ்சினியர் எடுக்குறாங்களாம். நாளைக்கு அப்ளை பண்ணிப் பாக்குறேன்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அந்த வேலைதான் எங்களை இப்போது இருக்கும் ரோவில்லுக்குக் கொண்டுவந்தது. இப்போதெல்லாம் எந்தத் தோட்டாவை எந்த மகசினில் போட்டால் எப்படி ஓடும் என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டார். மகள் "டாட், ப்ளீஸ்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

எனக்கு ஒரு மண்ணும் புரியாது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பேசட்டும்.