பல்பைக் காத்த சுபியான்

2024 பெப்ரவரி 6: புதிய நுணுக்குக்காட்டி ஏற்றிவந்த லொறிக் கூலி, 8,500 ரூபாய்.
பெப்ரவரி 12: திறப்பு விழா ரிபன், மாலை, பெனர், 41,000.
அதே நாள்: விருந்தினருக்குப் புரியாணி, 63,000.
பெப்ரவரி 13: பச்சை வெல்வெட் உறை, 2,200. இது சுபியானின் சொந்தப் பணம்.

அந்த உறையைச் சுபியான் தினமும் காலையில் விலக்குவார். ஒளிர்வு நுணுக்குக்காட்டியை ஊதித் துடைப்பார். மறுபடியும் மூடுவார். அத்துடன் அன்றைய நவீன விஞ்ஞானம் முடிந்துவிடும்.

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சளி பரிசோதிப்பவர் அவர். புதிய கருவியில், சாயம் ஏற்றிய காசநோய்க் கிருமி இருட்டில் மஞ்சளாக மினுங்கும். ஒன்றிரண்டு இருந்தாலும் கண்ணில் படும். பழையதிலோ நீலப் பரப்பில் சிவப்புக் கீற்றைத் தேடிக் கண் பூத்துப்போகும். சுபியான் பழையதிலேயே தேடினார். இளமையில் கொழும்பில் பயிற்சி பெற்றபோது, இதே மாதிரிக் கருவியின், இருநூறு மணி நேரத்தில் உயிரை விடும் பல்பு ஒன்றுக்குக் கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுத்தவர். அந்தப் பல்பு போய் இருபத்தைந்து வருடம். பொறுப்பு மட்டும் போகவில்லை. புதியதன் பல்பு விலை கேட்டுக் கொம்பனிக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார். பதில் வரும்வரை வெளிச்சத்துக்கு நோன்பு.

நெல் ஆலையில் மூட்டை தூக்கும் ஸைனுலாப்தீன் இரண்டு மாதமாக இருமினார். மூன்று தரம் சளி பார்த்தும் சுபியான் எழுதியது ‘ஒன்றுமில்லை’. ஸைனுலாப்தீனின் வீட்டில் நாற்பது நாள் கழியாத பிள்ளை. டொக்டர் ஹுஸ்னியா அவரையும் கூட்டிக்கொண்டு நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தார்.

“சுபியான் காக்கா, புதுசுல பாருங்க.”

“பல்புக்கும் ஹயாத்து இரிக்கி மிஸ், இவ்வளவு மணித்தியாலம்தான் எண்டு. சும்மா எரிச்சா மௌத்தாப் பெய்த்திரும்.”

“இந்த மனிசன் மௌத்தானா?”

“இது மில் தூசி மிஸ்.”

வாசலில் நின்ற ஸைனுலாப்தீன் இருமி முடித்தார். “மச்சான், ஒங்கட பல்புக்கு நான் காசி தாறன். புள்ளயத் தூக்கலாமா, ஏலாதா? அத மட்டும் பாத்துச் செல்லுங்க.”

சுபியான் வெல்வெட்டை விலக்கினார். புதுச் சளிக்குச் சாயமேற்றி, திரையை இழுத்துவிட்டுக் குனிந்தார். இருட்டில் மூன்று மஞ்சட் கீற்றுகள்.

“ஓம் மிஸ். இரிக்கி.”

சொல்லி வாய் மூடுமுன் லைட்டை அணைத்தார்.

ஸைனுலாப்தீனுக்கு மருந்து தொடங்கியது. பிள்ளைக்கும் தடுப்பு மருந்து. பிறகு கொம்பனியின் பதில் கடிதம் வந்தது: இது எல்ஈடி விளக்கு, மாற்றத் தேவையில்லை, தாங்கள் ஓய்வுபெற்ற பின்னும் எரியும்.

சுபியான் அதை இரண்டு தரம் வாசித்தார். வெல்வெட்டை மடித்து மேசை லாச்சியில் வைத்தார். லைட்டைப் போட்டார். அலுமாரியிலிருந்து, அந்த வருடம் தாம் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய சிலைட்டுகளின் பெட்டியை இறக்கி, புதியதில் மறுபடி பார்க்க, முதலாவதன் பழைய சாயத்தைக் கழுவத் தொடங்கினார்.

கடிதம் வந்த திகதி: 2024 ஒக்டோபர் 17.