சைனிக்புரி ஏன் சரிந்தது

ஹைதராபாத்தில் ஒரு பார்சல் நிறுவனத்தில் எனக்கு வேலை. வருமானம் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று சொல்ல வேண்டும். ஏற்றுவதோ இறங்காமல் பிடிப்பதோ என் பொறுப்பில் வராது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஏசி அறையில் உட்கார்ந்து காரணம் சொல்வேன். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு இதை நான்கு முறை விளக்கிப் பார்த்துவிட்டேன். "அப்ப பார்சல நீ தொடவே மாட்டியால?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். "நல்ல வேலதாம்ல" என்றாள். பாராட்டினாளா, கிண்டல் செய்தாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன வருடம் கிளைகளின் வருமானத்தை மாதவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தபோது இரண்டு கோடுகள் கண்ணில் பட்டன. ஜீடிமெட்லா ஏறிக்கொண்டே போனது. சைனிக்புரி ஏழு மாதமாக இறங்கிக்கொண்டே வந்தது. இதைப் பார்த்தால் ஒரு மனுஷன் போனை எடுத்து அந்தக் கிளைக்குப் பேசுவான். நான் எம்பிஏ படித்தவன். எனக்குக் கதை உடனே கிடைத்துவிட்டது.

சைனிக்புரி, ஓய்வுபெற்ற ராணுவக்காரர்களுக்காக உண்டான காலனி. வயதானவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு போய்விடுகிறார்கள், பார்சல் அனுப்ப ஆளில்லை என்று எழுதினேன். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனிகள் வளர்கின்றன, பார்சல் பெருகுகிறது என்றும் எழுதினேன். ஒரு ஸ்லைடில் காலியான சாய்வு நாற்காலிப் படம் ஒன்றும் வைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது, ஆனால் வைத்தேன். அதுவரை சைனிக்புரிக்கு நான் போனது ஒரே ஒரு முறை, ஒரு கிரகப்பிரவேசத்துக்கு. சாப்பிட்டுவிட்டுக் காரிலேயே தூங்கிப்போனேன்.

கடைசி ஸ்லைடில் என் பரிந்துரை: சைனிக்புரி கவுன்டரை மூடிவிடலாம். அங்கே இருந்தது ஒரே ஒரு அம்மாள், பதினோரு வருடமாக வேலை பார்ப்பவர். மூடினால் அவர் வேலை போகும். என் ஸ்லைடில் அது "ஆள்: 1" என்று ஒரு மூலையில் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நாற்காலிப் படம் மனதைத் தொட்டதாக மேலிடத்தில் ஒருவர் சொன்னார்.

மூடும் கடிதம் தயாரானது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "தமிழ் அம்மாதான், நீங்களே போய்க் கொடுத்துடுங்க. தாய்மொழியில சொன்னா அவ்வளவா வலிக்காது" என்று தெலுங்கும் இங்கிலீஷுமாகச் சொன்னார். தமிழைப் பற்றி இப்படி ஒரு நம்பிக்கையை நான் அதுவரை கேட்டதில்லை.

செகந்திராபாத்தில் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் மனப்பாடம். "நிறுவன மறுசீரமைப்பை முன்னிட்டு..." என்று முனகிக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடி வழியாக இரண்டு முறை பார்த்துவிட்டு, இடம் வந்ததும் சில்லறையைக் கொஞ்சம் தள்ளி நின்றே கொடுத்தார்.

கவுன்டரில் வரிசை நின்றது. நான் ஸ்லைடில் பிள்ளைகளோடு அனுப்பிவைத்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு அட்டைப் பெட்டியோடு நின்றார்கள். ஊறுகாய், பொடி, ஸ்வெட்டர், பேரனுக்குக் கிரிக்கெட் மட்டை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தது வாஸ்தவம். ஆனால் பெற்றோர் போகவில்லை, பெட்டிகள்தான் போயின.

உள்ளே இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. நான் தலைமை அலுவலகம் என்று சொன்னதும் அப்படியே எழுந்துவிட்டார். "அப்பாடா, வந்துட்டீங்களா சார்! தராசு எங்கே?"

"தராசா?"

"அதுக்குத்தானே வந்திருக்கீங்க? ஏழு மாசமா மெயில் போட்டுக்கிட்டே இருக்கேன். பெரிய தராசு செத்துப்போச்சு சார். இந்தச் சின்னது பத்து கிலோ தாண்டினா எர்ரர்னு காட்டுது."

"அப்ப இந்தப் பெரிய பெட்டியெல்லாம் எங்க போகுது, அக்கா?"

"ஜீடிமெட்லாவுக்குத்தான். மத்தியானம் வேன் வரும், நானே ஏத்திவிடுவேன். அங்க எடை போட்டு, அங்கயே பில் போட்டு, கஸ்டமர் போனுக்குப் பணம் கட்ட லிங்க் அனுப்பிடுவாங்க. நல்ல மனுஷங்க."

பில் எந்தக் கிளையில் விழுகிறதோ, வருமானமும் அந்தக் கிளையின் பேரில்தான் ஏறும். இது எங்கள் கம்பெனியில் செக்யூரிட்டிக்கும் தெரியும். இவர் இங்கே வாங்கி, இங்கே தூக்கிய பெட்டிகள்தான் ஜீடிமெட்லாவில் ஏறுமுகமாக நின்றன. மருந்தாவது மண்ணாங்கட்டியாவது. நான் மருந்துக் கம்பெனி வளர்ச்சி என்று வர்ணித்தது இவர்கள் வீட்டு ஆவக்காய் ஊறுகாய்.

இத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏழு மாதமாக ஏன் தராசு வரவில்லை என்று யோசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது. செலவைக் குறைக்க ஒரு விதி எழுதிக் கொடுத்திருந்தேன்: வருமானம் சரியும் கிளைகளுக்குப் புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். தராசு கெட்டதால் வருமானம் சரிந்தது. வருமானம் சரிந்ததால் தராசு வரவில்லை. தராசு வராததால் கடையை மூடச் சொல்லி நானே கடிதத்தோடு வந்திருக்கிறேன். ஒரே ஆளாக எவ்வளவு வேலை பார்த்திருக்கிறேன் பாருங்கள்!

"தூக்கித் தூக்கிக் கை போச்சு சார்" என்றார் அவர், தமிழில் ஹைதராபாத் உருதுவும் கலந்து. "லீவு போடவும் முடியல. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து மூணு வருஷம் ஆச்சு. என் சம்பளத்துலதான் எல்லாம் ஓடுது. புது கம்ப்யூட்டர், ஏசி அதெல்லாம் நக்கோ சார். ஒரு தராசு மட்டும் குடுங்க."

பைக்குள் கடிதம் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஜீடிமெட்லாவுக்குப் போன பெட்டிகளுக்குக் கணக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். தேதி, பெயர், ஊர் என்று ஒரு பெட்டி விடாமல் இருந்தது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தேன்.

"கைக்கு சார் இதெல்லாம்?" எதற்கு என்பதைத்தான் ஹைதராபாத் பாஷையில் அப்படிக் கேட்டார்.

"தராசு விஷயமாத்தான் அக்கா" என்றேன். பொய் கூசாமல் வந்தது.

ஆபீசுக்கு வந்து, நோட்டை ஜீடிமெட்லா பில்களோடு ஒப்பிட்டு, அந்தப் பெட்டிகளையெல்லாம் சைனிக்புரிக்கே திருப்பிக் கூட்டினேன். கோடு சரியவே இல்லை, கொஞ்சம் ஏறக்கூடச் செய்திருந்தது. உடனே மெயில் எழுத உட்கார்ந்தேன். முதலில் "பதிவுமுறையில் காணப்படும் முரண்பாடு காரணமாக" என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் யாரோ மூன்றாம் மனிதர் செய்த தப்பு மாதிரி இருந்தது. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. அழித்துவிட்டு, "அந்தக் கிளைக்கு ஒரு முறைகூடப் போகாமல் எழுதினேன். என் அறிக்கை தவறு. மூடக் கூடாது" என்று எழுதினேன். பயத்தோடுதான் அனுப்பினேன்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த அறிக்கை மேல போனது நம்ம ரெண்டு பேர் பேர்லயும்தான், தெரியுமா?" என்றார். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் பதில் வந்தது. சைனிக்புரியை மூட வேண்டாம், தராசுக்கு அனுமதி. அத்தோடு விட்டார்களா? கிளைக்கு நேரில் போய் ஆராய்ந்த என் முன்முயற்சி பாராட்டத்தக்கது என்று ஒரு வரி. அடுத்த மாதம் எல்லோருக்கும் அதைப் பற்றி நானே வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

சந்தோஷம் தாங்காமல் சைனிக்புரி அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, நல்ல சேதி! கவுன்டரை மூடல!"

"மூடறதா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப் போனவனே நான்தான்.

"அன்னிக்கு அதுக்குத்தான் வந்தீங்களா சார்?"

"ஆமாக்கா. லெட்டர் பையில இருந்துச்சு. நான்தான் மூடலாம்னு எழுதிக் கொடுத்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கறேன். பெட்டியெல்லாம் நிஜமாவே கம்மியாகியிருந்தா, குடுத்திருப்பீங்கல்ல?"

என் வேலையே காரணம் சொல்வதுதான். தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

"குடுத்திருப்பேன்க்கா" என்றேன்.

"ஹவ்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் சொன்னார். "சரி சார், கஸ்டமர் நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.