கண்டக்டர் வீட்டு மலைப்பூவும் செபஸ்தியார் கிடாவும்

கொடைக்கானல் பஸ்ஸில் கண்டக்டராயிருந்த எங்கள் தெருச் சிலுவைமுத்து, மலையிலிருந்து கேரட் கொண்டுவந்து யாரும் பார்த்ததில்லை. செடிதான் கொண்டுவருவார். டிக்கெட் பையின் ஓர் அறையில் சில்லறை, இன்னோர் அறையில் ஈரத்துணி சுற்றிய நாற்று. அவசரத்தில் ஒருமுறை பயணி ஒருவருக்கு மீதிச் சில்லறைக்குப் பதில் ஜெரேனியத்தைக் கொடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் மனத்தைப் பறித்தது ஃபாக்ஸ்குளோவ் என்னும் மலைப்பூ. இடுப்பு உயரத் தண்டு. அதில் ஊதா நிறக் குழல்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் விரலை நுழைக்கலாம். மலையில் ஒரு பங்களாத் தோட்டத்தில் பார்த்துவிட்டு வந்து மனைவி ரோசலினிடம் குதித்தார்.

"செபஸ்தியார் சப்பரத்துல இதை வச்சா எப்படி இருக்கும் தெரியுமா?"

"நம்ம வெயில்ல செவ்வந்தியே மயங்கி விழுகுது. நிலக்கோட்டையில இல்லாத பூவா? போயி மல்லியை வாங்கிட்டு வாங்க."

அவர் கேட்கவில்லை. முதல் வருட நாற்று சித்திரை வெயிலில் அப்பளமானது. மறுவருடம் நனைத்த சாக்கில் பந்தல் போட்டு, வேரைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்தார். மலைக்காற்றை டிபன் கேரியரில் பிடித்து மூடி வந்து செடியடியில் திறந்துவிட்டதாகத் தெருவே சத்தியம் செய்தது. அந்தக் குளிரில் செடி பிழைக்கவில்லை. அணில்கள்தான் குடும்பத்தோடு வந்து தங்கின. தோட்டக்காட்டிலிருந்து வந்த மயில் ஒன்று, ஸ்வெட்டர் கேட்காத குறையாகப் பந்தலடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் வருடம், பங்களாத் தோட்டக்காரர் சுருளிவேல் இரக்கப்பட்டு, மொட்டுத்தண்டு விட்ட செடியையே மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தார்.

"கண்டக்டர் சார், இது இலை, பூ, விதை எல்லாமே விஷம். ஆடு மாடு தின்னா நெஞ்சு நின்னுரும். தொட்டா கையைக் கழுவிப்புடுங்க."

சிலுவைமுத்து கையைக் கழுவினார். கேட்ட சொல்லையும் சேர்த்துக் கழுவிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. காரணம், துரை.

துரை என்பது ரோசலின் நேர்ந்துவிட்ட கிடா. மகள் லிடியா டைபாய்டில் கிடந்தபோது, பிழைத்தால் செபஸ்தியார் கோயில் திருவிழாவில் ஊருக்குப் போடும் அசனச் சோற்றுக்குக் கிடா தருவதாக வேண்டியிருந்தாள். லிடியா எழுந்து பள்ளிக்கூடம் போனாள், துரை வளர்ந்தது. நேர்ந்த கிடாவை எங்கள் தெருவில் யாரும் கட்டமாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். ரம்ஜான் பீவி வாசலில் கஞ்சி, முனைக் கடையில் வாழைப்பழத்தோல் என்று துரை ராஜாங்கம் நடத்தியது. விஷம் என்று தெரிந்தால் ரோசலின் கிடாவைக் கட்டமாட்டாள், செடியைப் பிடுங்குவாள். சிலுவைமுத்து வாயை மூடிக்கொண்டு முள்வேலி மட்டும் போட்டார்.

ஆடியில் மேல்காற்று அடித்தது. முதல் குழல் திறந்தது. ஒரு கருவண்டு தலைகீழாக நுழைந்து, பூவே உறுமுவதுபோல் சத்தம் போட்டது. சிலுவைமுத்து லீவு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் வேலி சாய்ந்திருந்தது. அடியிலைகள் பாதி கடிபட்டிருந்தன. துரை சுவரோரம் எச்சில் ஒழுகப் படுத்திருந்தது.

"என்னங்க, துரை எந்திரிக்க மாட்டேங்குது! என்னத்தையோ தின்னுபுட்டுச்சு!"

சொன்னால் செடி போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அண்டாவில் வேகும் விஷக் கறியை ஊரே சாப்பிடும். சிலுவைமுத்து கடிபட்ட இலையை எடுத்து நீட்டினார்.

"ரோசலு... இந்தச் செடியைத்தான் தின்னிருக்கு. இது விஷம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கொண்டாந்த அன்னைக்கே."

ரோசலின் ஒரு ஆட்டோவில் கிடாவை ஏற்றி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். கூடவே போய் டாக்டரிடம் கடிபட்ட இலையைக் காட்டினார் சிலுவைமுத்து. டாக்டர் விஷத்தை உறிஞ்சும் கரித்தூளைக் கரைத்துப் புகட்டி, சாயங்காலம் வரை நெஞ்சில் குழாயை வைத்து வைத்துக் கேட்டார்.

"பொழச்சுக்கிரும். ஆனா இதை இப்ப அறுக்கக் கூடாது, தெரியுமில்ல?"

ரோசலின் அப்போதுதான் அழுதாள். வேண்டுதல் தவறினால் லிடியாவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று நேரே பங்குச் சாமியாரிடம் ஓடினாள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மீசைக்குள் சிரித்தார்.

"அம்பு அம்பா உடம்புல வாங்கிப் பொறுத்தவரும்மா செபஸ்தியாரு. ஒரு வருசம் பொறுக்க மாட்டாரா? அடுத்த திருநாளுக்குக் கொண்டா."

மலைக்கு மேலும் கீழும் அந்தச் செடியைத் தின்று ஆயுளைக் கூட்டிக்கொண்ட ஒரே ஆடு துரைதான்.

வீட்டுக்கு வந்ததும் ரோசலின் மண்வெட்டியைக் கணவர் கையில் கொடுத்தாள். "பிடுங்கி எறியச் சொல்லல. பூத்துட்டுது, பாவம். எங்க இருந்துச்சோ அங்கேயே கொண்டுபோய் விடுங்க. நானும் வாரேன்."

மறுநாள் ஊரெல்லாம் அசனச் சோற்றுக்கு வரிசையில் நிற்க, புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் மலையேறினார்கள். பூத்த செடி சாக்கோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. ரோசலின் கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு அதைப் பிடித்திருந்தாள். தொட வந்தவர்களையெல்லாம் சிலுவைமுத்து அதட்டினார்: "தள்ளுங்கம்மா, வெசம்!" ஒளித்துவைத்த சொல்லை அன்றைக்கு மலை முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

அதன்பிறகு அவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே செக்கிங். ரோசலின் டிக்கெட் பையைக் கவிழ்த்து உதறிய பிறகுதான் அவருக்குச் சோறு. பக்கத்தில் துரையும் நின்று மோந்து பார்க்கும்.