செங்காங்கில் முப்பது மீட்டர்

சிங்கப்பூரில் ட்ரோன் வாங்குவது சுலபம். ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில் நுழைந்து கால் மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைப் பறக்கவிடுவதுதான் பெரும்பாடு. இந்த ஊரில் எங்கே போய் நின்றாலும் ஏதாவது ஒரு விமான நிலையமோ விமானப்படைத் தளமோ பக்கத்தில் இருந்து தொலைக்கும். அதிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால், உள்ளங்கையில் அடங்கும் குட்டி ட்ரோனுக்குக்கூட அனுமதி வேண்டும். என்னுடையது கால் கிலோவைத் தாண்டியது. அதற்குத் தனியாகப் பதிவு, அதன்மேல் ஒட்டத் தனியாக எண் போட்ட வில்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் தீவில் பாதி சிவப்பாக இருக்கும். சிவப்பில்லாத இடமாகத் தேடிப் போனால் அங்கே ஒரு காவலாளி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவார். இரண்டு வருடத்தில் நான் அதைப் பறக்கவிட்டதைவிட அதற்கு சார்ஜ் போட்டதுதான் அதிகம்.

அப்படிக் கிடந்த ட்ரோனுக்கு ஒருநாள் வேலை வந்தது.

நான் புக்கிட் பாஞ்சாங்கில் வாடகைக்கு இருக்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வந்து ஒரு டீ குடிக்காவிட்டால் எனக்கு வாரம் முடியாது. அங்கேதான் ஒரு அண்ணன் பழக்கம். எங்கள் மாவட்டத்துக்காரர். பதினோரு வருடமாக இங்கே கட்டுமான வேலை, கம்பி கட்டுகிறவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவன் என்பதற்காக அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. அது எனக்குப் பிடிக்கும்.

“தம்பி, உங்ககிட்ட அந்தப் பறக்கிற கேமரா இருக்குல்ல?” என்று ஆரம்பித்தார்.

அவருடைய வேலை பெர்மிட்டை கம்பெனி இனிப் புதுப்பிக்கப் போவதில்லையாம். இன்னும் ஆறு வாரத்தில் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். ஒன்பதாவது படிக்கும் மகள், அப்பா கட்டிய வீடு எது என்று கேட்டிருக்கிறாள். செங்காங்கில் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்று. அதில் மேல் மாடிகளுக்கும் மொட்டை மாடிக்கும் கம்பி கட்டியதில் இவரும் ஒருவர். வேலை நடந்தபோது கைப்பேசியை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் ஒரு படமும் இல்லை. இப்போது அங்கே ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், இவர் மேலே போக முடியாது. பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். “ரோட்டுல நின்னு யார் வேணா எடுக்கலாம்ப்பா” என்று பதில் வந்ததாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நன்றாக இல்லை.

“அந்த மொட்டை மாடி தெரியணும் தம்பி. நான் நின்ன இடம். எதிர்ல ஒரு புல்லுத்தரை இருக்கு, அதுல நான் நிக்கிறேன். ரெண்டும் ஒரே படத்துல வந்துட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்.”

“அதுக்கென்னண்ணே, எடுத்துருவோம். முறையா பெர்மிட் வாங்கியே எடுத்துருவோம்” என்றேன். வாய்க் கொழுப்பு.

முறை என்று நான் சொன்னதற்குக் காரணம் நல்லொழுக்கம் இல்லை, பயம். என் நிரந்தரவாசி விண்ணப்பம் அப்போது ஏதோ ஒரு மேஜையில் இருந்தது. விமானம் இறங்கும் பாதையில் ட்ரோன் விட்டவன் என்று என் பெயர் எங்கேயாவது பதிவானால் என் கதை கந்தல். அதனால் எல்லாவற்றையும் நிரப்பினேன். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை நிமிடம், எவ்வளவு உயரம், எதற்காக. உயரம் அறுபது மீட்டர் என்று போட்டேன். பதினாறு மாடிக் கட்டடத்தின் தலையைப் பார்க்க அவ்வளவு வேண்டும்.

பத்து நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. நிலத்துக்கு உரியவரின் சம்மதக் கடிதம் இல்லையாம். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் புல்தரை யாருடையது என்று கண்டுபிடிக்கிற வேலை தொடங்கியது. முதல் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப்பெண்தான் ஃபோனை எடுத்தார். “அந்த ப்ளாக் எங்களோடதுதான், ஆனா முன்னால இருக்கிற புல்லு எங்க ஏரியா இல்ல லா” என்றார். அவர் சொன்ன இரண்டாவது அலுவலகம், புல் வெட்டுவது மட்டும்தான் தங்கள் வேலை என்றது. மூன்றாவது அலுவலகம் மின்னஞ்சல் போடச் சொன்னது. போட்டேன். ஐந்து வேலை நாட்களில் பதில் வரும் என்று உடனே ஒரு பதில் வந்தது. ஏழாம் நாள் நானே ஃபோன் செய்தபோது, எந்தப் புல் என்று கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புல்லை நானே மேய்ந்திருப்பேன்.

அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீ ஆறுவதற்குள் கேட்பார். “என்ன ஆச்சு தம்பி, ஏதாவது சொன்னாங்களா?” ஒருமுறை கேட்பார், அவ்வளவுதான். நச்சரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை எரிந்து விழுந்து ஆறியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை.

சம்மதக் கடிதம் ஒருவழியாக வந்தபோது அவர் விமானம் ஏற மூன்று வாரம்கூட இல்லை. இரண்டாவது விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். இதுவும் திரும்பினால் எல்லாம் முடிந்தது. என் அலுவலகத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் இருக்கிறார், பல வருடமாக ட்ரோன் பைத்தியம். அவரிடம் கேட்டேன்.

“சிக்ஸ்டி மீட்டர்லாம் எதுக்கு கேக்குறீங்க? தர்ட்டி போடுங்க லா. சின்னதா கேட்டா சத்தமில்லாம குடுத்துடுவாங்க. பெருசா கேட்டா கொஸ்டின் வரும்.”

எனக்கு அது உடனே பிடித்துப்போனது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான். வாடகை வீட்டில் ஏசி ஒழுகினால் ஒரு மாதம் வாளி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் சொல்வேன். லீவு ஒரு வாரம் வேண்டுமென்றால் நான்கு நாள் கேட்பேன். இல்லை என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது, என் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்துவிடக் கூடாது. நம் ஆட்களில் என்னைப் போல் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். வேலை பாஸில் இந்த ஊரில் இருக்கிறவனுக்கு அது வியாதி.

முப்பது என்று போட்டேன். முப்பது மீட்டரில் மொட்டை மாடி தெரியாது என்பது கூட்டல் தெரிந்த எவனுக்கும் தெரியும். புல்தரையின் கடைசிவரை பின்னால் போனால் கட்டடம் முழுவதும் படத்துக்குள் வந்துவிடும், அண்ணனும் கீழே நிற்பார், பார்க்க அழகாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அனுமதி வந்தது. அவர் கிளம்புவது செவ்வாய், அனுமதி அதற்கு முந்தைய ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்து வரை. பறக்கும் முன் ஒரு எண்ணுக்கு ஃபோன் செய்ய வேண்டும், இறங்கியதும் செய்ய வேண்டும்.

அன்று எட்டரைக்கே மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் எனக்கு முன்பே வந்து, ப்ளாக்கின் கீழே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. போன தடவை ஊருக்குப் போனபோது மகள் எடுத்துக் கொடுத்ததாம். ஒன்பது அடித்தது. ஒன்பதேகால். மழையைத் திட்டினேன், மின்னஞ்சல் போடச் சொன்னவர்களைத் திட்டினேன், தலைக்கு மேல் மேகத்துக்குள் உறுமிக்கொண்டு போன ஒரு விமானத்தையும் விட்டுவைக்கவில்லை. “விடுங்க தம்பி, நிக்கும்” என்றார் அவர். ஒன்பது முப்பத்தைந்துக்கு நின்றது.

ஃபோன் செய்தேன். அவர் ஈரப் புல்லில் நடந்து போய், நான் காட்டிய இடத்தில் கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். ட்ரோன் எழும்பியது. பத்து, இருபது, முப்பது. அங்கே நிறுத்தினேன். பின்னால் நகர்த்தி நான்கைந்து படம் எடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தன. அவர் ஓடி வந்து திரையைப் பார்த்தார். திரைக்கு மேல் கையை வைத்து, மழை விட்டதும் அடித்த வெயிலை மறைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மேல தெரியலயே. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க தம்பி.”

“இதுக்கு மேல ஏத்தக் கூடாதுண்ணே. முப்பது மீட்டர்தான்.”

“முப்பதுன்னா எத்தன மாடி வரும்?”

“பத்து.”

அவர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். பத்தாவது மாடியை விரலால் எண்ணிக் கண்டுபிடித்தார். அதற்கு மேலேயும் எண்ணினார்.

“நான் அஞ்சு மாசம் அதோ அங்க நின்னேன் தம்பி. விளிம்புல.”

என் கட்டைவிரல் ரிமோட்டின் குச்சி மேலேயே இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் பத்து விநாடியில் மேலே போய்விடும். யாருக்கும் தெரிந்திருக்காது, அல்லது தெரிந்திருக்கும். நான் தள்ளவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ட்ரோனை இறக்கி, இறங்கிவிட்டது என்று ஃபோன் செய்து சொன்னேன். நன்றி என்றார்கள்.

இறக்கைகளை மடக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அவங்க அவ்ளோதான் குடுத்தாங்களா தம்பி?”

“ஆமாண்ணே” என்றேன்.

“நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்” என்று என் முதுகில் தட்டினார். “எனக்காக அவங்ககிட்ட போய் கேட்டீங்கள்ல, அது போதும்.”