கீழே ஒரு வரி இடம் விட்டு

எங்கள் குடும்பத்தில் கோர்வையாக எழுதத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். அவரைப் பற்றியே எழுத வேண்டி வந்ததால் வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களும் நண்பர்களும் பிழை பொறுக்க வேண்டும். பிழை எனக்குப் புதிதல்ல. பசுமலையில் அக்கா தெருப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிச் சோளம் போடும் வீட்டில் அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண். அந்த வருடம் மழை இல்லை. அதனால் கல்லூரியும் இல்லை. சில வருடம் கழித்து எனக்கு மட்டும் கல்லூரி கிடைத்தது. அங்கே போய் நான் என்ன கிழித்தேன் என்பது உங்களுக்கே தெரியும். அக்கா பசுமலையில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, முப்பது வருடம் சோதனைக் குழாய் கழுவினார். கழுவிக்கொண்டே பாடத்தையும் கேட்டார்.

கேட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டில் செய்து காட்டுவார். எலுமிச்சைச் சாற்றில் எழுதிய தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எழுத்தை வரவழைப்பார். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுச் சிவக்க வைப்பார். பிள்ளைகள் 'டீச்சர்' என்றால், "நான் டீச்சர் இல்லப்பா, டியூப் கழுவுறவ" என்பார். அப்போது அவர் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று நான் பார்ப்பேன். ஒருநாளும் பிடிபட்டதில்லை.

அந்த வீட்டில் ஒரே சட்டம். சோதனைக்கு முன்னால், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுத வேண்டும். கீழே ஒரு வரி இடம் விட்டு, துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். முடிந்த பிறகு, நிஜமாக நடந்ததை அந்த இடத்தில் எழுத வேண்டும். மேலே எழுதியதை அழிக்கக் கூடாது.

வாராவாரம் என்னையும் வரச் சொல்வார். உப்புத் தண்ணீரில் முட்டை முங்கும் என்று எழுதினேன்; மிதந்தது. வினிகரில் போட்ட முட்டை வெந்துவிடும் என்று எழுதினேன். ஓடு கரைந்து ரப்பர் பந்து மாதிரி நின்றது.

"மாமா, இந்த வாரமும் அவுட்டா?" என்பாள் எதிர்வீட்டுச் செல்வி. எட்டாம் வகுப்பு.

"முட்டைக்கு எம்மேல கோவம் தாயி."

"நீங்க சரியா எழுதுற அன்னைக்கு நான் பரோட்டா வாங்கித் தாரேன்."

"அப்ப உனக்குச் செலவே இல்ல."

ஒருநாள் அக்காவிடம் கேட்டே விட்டேன். "என்னய ஏன்க்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு அசிங்கப்படுத்துற?"

"நீ இம்புட்டு தப்பா எழுதுறதப் பாத்துத்தான்டா அதுக பயப்படாம எழுதுதுக" என்றார்.

நான் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டேன் என்று யாரும் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

போன வருடம் அக்காவுக்கு நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிரித்தால் இருமல் வந்துவிடும் என்பதால், "அண்ணே, நீங்க தயவுசெஞ்சு வாயத் தொறக்காதீங்க" என்றார் நர்ஸ். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலும் போயிற்று. கட்டில் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்தார்கள். குழாயில் மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் ஞாயிற்றுக்கிழமை முகமாகிவிட்டது.

"எத்தன ஏறும்? எழுது தம்பி."

மூன்று என்று எழுதினேன். ஒரு பந்து எழும்பி, நடுங்கி, விழுந்தது.

"கீழ எழுது."

"பந்து சரியில்லக்கா."

"எழுதுடா."

ஒன்று என்று எழுதினேன். மறுநாளும் மேலே மூன்று, கீழே ஒன்று. அதற்கடுத்த நாள் ஒரு பந்தும் அசையவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நானாக ஒரு சீட்டு எழுதி நீட்டினேன்: 'அக்கா வீட்டுக்கு வருவார்.'

நிதானமாக வாசித்தார். "கீழ எடம் விட்டிருக்கியா?"

"விட்டிருக்கேன்க்கா."

"அழிக்கக் கூடாது, என்ன?"

மூன்றாம் நாள் போய்விட்டார். அந்தச் சீட்டு ஒரு வருடமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. பேனாவைத் திறப்பேன், மூடிவிடுவேன்.

பந்து ஏறாத அன்றும் "நாளைக்குப் பாப்போம்க்கா" என்று சொன்ன நர்ஸுக்கும், கடைசிவரை கஞ்சி கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் மாலை வாங்கி வந்த பிள்ளைகளுக்கும், அந்தத் துணிக்கொடியை இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கும் மச்சானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளுக்காகப் பழைய சீட்டுகளையெல்லாம் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் கொடியில் மாட்டினார்கள். செல்வி என் பையில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டை உருவி வாசித்தாள். வழக்கமாகக் கிண்டல் செய்கிறவள், செய்யவில்லை.

"இந்த ஒண்ணாவது சரியா இருந்திருக்கலாம் மாமா" என்று சொல்லிப் பேனாவை நீட்டினாள்.

மேலே இருப்பதை அழிக்கவில்லை அக்கா. கீழே எழுதிவிட்டேன்: 'வரவில்லை.'