உச்சிமணியும் கார் இஞ்சினும்

பேரன் பைக்கைப் பிரித்துப் போட்டிருக்கிறான். அந்த எண்ணெய் வாசத்தோடு, உப்புநீரில் ஊறிய கயிற்றின் வாசமும் எனக்கு மட்டும் சேர்ந்தே வருகிறது. முன்பு இனயம் கடற்கரையில், பிறகு கடல் எடுத்துக்கொண்ட எங்கள் முற்றத்தில், அப்பா தன் வாடகைக் காரின் இஞ்சினைக் கியர்பெட்டியோடு வெளியே எடுப்பதற்காகப் புன்னைக் கிளையில் கப்பி கட்டி, கயிறு இழுத்துப் பழகிய கைகளாயிற்றே என்று கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் ஆறு பேரைக் கூட்டிவந்திருந்தார். கிளை முனகியது, அவர்கள் கொண்டுவந்த வலைக்கயிற்றிலிருந்து நீர் சொட்டியது, இஞ்சின் ஆடி ஆடி மேலே வந்தது. பாதியில் கியர்பெட்டி வண்டிச் சட்டத்தில் சிக்க, அப்பா அதை விடுவிக்கத் தொங்கும் இஞ்சினுக்கு அடியில் குனிந்தார்.

அந்நேரம் பார்த்து மாதா கோயிலில் உச்சிமணி அடித்தது. மணி கேட்டால் எந்த வேலையானாலும் நிறுத்திச் சிலுவை போடுகிற ஊர் எங்களுடையது. ஆறு வலக்கைகளும் தாமாகவே நெற்றிக்குப் போயின. கயிறு ஒரு முழம் வழுக்கியது.

உச்சி செபத்தை ஒருநாளும் தவறவிடாத அம்மா ஓடிவந்து கயிற்றைப் பற்றினாள்.

“ரெண்டு கையாலயும் பிடிங்க மக்கா. மாதாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

அப்பா வெளியே வந்து, இஞ்சின் மண்ணில் இறங்கிய பிறகுதான் அம்மா கயிற்றை விட்டாள். பிறகு சிலுவை போட்டாள். கயிறு கிழித்த விரல்களின் இரத்தம் அவள் நெற்றியில் ஒட்டியிருந்தது.