பாவாவின் முழுக்கைச் சட்டை

அக்காவின் பெட்டியில் ஒரு சட்டை இருக்கிறது. நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்ட முழுக்கைச் சட்டை. அக்காவின் கணவரான பாவா அரக்கோணத்தில் ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக இருந்தபோது, வேலையில்லாத நாட்களில் போட்டுக்கொண்டது.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. உலக யுத்த காலம். சித்திரை மாதம். எங்கள் வீடு திருத்தணியில் மலையடிவாரத்தில். அந்த வெயிலில் ஆண்கள் மேலே ஒரு துண்டோடு நடமாடுவார்கள். பிள்ளைகளின் வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவுவார்கள். பாவா மட்டும் மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டி, தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வருவார். எதிர்வீட்டுக்காரர் விடமாட்டார்.

“இன்னா மாப்ளே, உங்களுக்கு மட்டும் மார்கழி இன்னும் போவலியா?”

“வெயிலும் நெருப்புதாங்க. எட்ட நின்னு சுடுது, அவ்ளோதான்” என்பார் பாவா.

அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. சாப்பிடும்போதுகூட அவர் கையை மடித்துவிடுவதில்லை. உள்ளே வெண்குட்டம் இருக்கிறது, மறைத்துப் பெண் கட்டிவிட்டார்கள் என்று அம்மா நினைத்தாள். அக்காவிடம் கேட்டாள். “போம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று அக்கா எழுந்து போனாள். சந்தேகம் வளர்ந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தை மாதம் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக என் முடியை முருகனுக்கு நேர்ந்திருந்தார்கள். அந்தச் சித்திரையில் ஒருநாள் காலை, பாவாவும் கூட வர, குளத்தங்கரையில் மொட்டையடித்து, சந்தனம் பூசி, படியேறினோம். மேலே கூட்டம். வெட்டவெளியில் வரிசையில் நின்று தரிசனம் முடிந்தபோது உச்சிவேளை. தலைச் சந்தனம் காய்ந்து ஓடாகிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாவா தன் துண்டை நனைத்து எடுத்துவந்தார்.

“அத்தே, பாப்பா தலைல இத்தப் போடட்டுங்களா?”

“சந்நிதியில மொட்டைய மூடறதா? சந்தனமே குளிர்ச்சிதான் மாப்ளே.”

புது மாப்பிள்ளை மாமியாரோடு வாதாடுகிற வழக்கம் இல்லை. துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மேலிருந்து நாங்கள் வீடு சேரும்வரை அது அங்கேயே இருந்து காய்ந்தது.

மாலைக்குள் என் தலை சிவந்து, வலது காதுக்கு மேலே கொப்புளங்கள் எழும்பின. தலையணையில் சாய்க்க முடியவில்லை. அம்மா பயந்தாள். வேண்டுதலில் ஏதோ குறை, சாமி குத்தம் என்றாள். கொப்புளத்தின் மேல் மறுபடி சந்தனம் அப்பி, விடிந்ததும் என்னை மலைக்கு அழைத்துப்போக முடிவு செய்தாள். “முடி மொளைக்குமா?” என்று அக்கா மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

அம்மா சந்தனக் கல்லை எடுத்து வைத்தபோது பாவா அதன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“வாணாங்க அத்தே. ஈரமா இருக்கிற வரைக்கும்தான் அது குளிர்ச்சி. காஞ்சிட்டா தோல இழுக்கும். பிச்சி எடுத்தா கொப்புளமும் கூடவே வரும்.”

“உங்களுக்கு இன்னா தெரியும் மாப்ளே?”

அவர் இரண்டு பொத்தான்களையும் கழற்றி, கைகளை முழங்கைக்கு மேலே மடித்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி, வழவழப்பாக, ரோமமே இல்லாமல் மின்னியது. இன்ஜின் அடுப்பின் வாயிலிருந்து தீ திருப்பி அடித்த தழும்பு.

“இது ஆறுன விதம் தெரியுங்க” என்றார்.

அம்மா கல்லை நகர்த்தினாள். சட்டையை ஏன் மடித்ததில்லை என்று அக்காதான் பிறகு சொன்னாள்: வெந்த தோல் வெயில் பட்டால் எரியும்; வீட்டுக்குள் மடிக்காதது, சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால்.

அன்று பாவா செய்ததை வரிசையாகச் சொல்ல முடியும். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டாமல், பானைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊறவைத்துக் கரைத்தார். அதற்கே அரைமணி ஆனது. கொப்புளங்களை உடைக்கவில்லை. சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அதில் தேங்காயெண்ணெய் ஊற்றி, வெண்ணெய்போல் திரளும்வரை கிண்ணத்தில் அடித்தார். ரயில்காரர்கள் தீப்புண்ணுக்குப் போடுவது. கோழியிறகால் தொட்டுத் தடவினார். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் கண் என் தலையில் இல்லை, அந்தக் கைகளில் இருந்தது.

“ரொம்ப எரிஞ்சிதா மாப்ளே?” என்று கேட்டாள்.

“ஆங். பதினஞ்சி நாளு.”

எனக்குப் பத்து நாளில் ஆறியது. முடி வளர்ந்தது, வலது காதுக்கு மேலே ஒரு காசளவு இடத்தைத் தவிர. சென்ற சித்திரையில் மலைக்குப் போனபோது சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு பிள்ளைகள் வெயிலில் இறங்கி வந்தார்கள். சில தாய்மார்கள் முந்தானையால் மூடியிருந்தார்கள், பலர் மூடவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நம்பவைக்கப் பாவாவின் கைகள்போல என்னிடம் எதுவும் இல்லை.

அன்றைக்குப் பிறகு பாவா எங்கள் வீட்டுக்குள் வந்ததும் கையை மடித்துக்கொள்வார்; தெருவில் இறங்கும்போது இறக்கிப் பொத்தான் மாட்டுவார். அம்மா இறக்கும்வரை அப்படித்தான். பெட்டியில் இருக்கும் சட்டையில் மணிக்கட்டும் கழுத்தும் இன்னும் திடமாக இருக்கின்றன. முழங்கைக்கு மேலே, மடித்து மடித்து விழுந்த கோட்டில் மட்டும், இரண்டு கையிலும் துணி நைந்திருக்கிறது.